நொடிக்கு 9 சுற்று... டிராக்டர் ஷாஃப்ட்டை அடிதடி இல்லாமல் மாட்டுவது எப்படி?

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டெல்டா பக்கம் போனால், ஒரே சாலையின் இருபுறமும் இரண்டு வேலைகள் நடப்பதைப் பார்க்கலாம். ஒருபக்கம் குறுவை அறுவடை முடிந்த வயலில் வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருக்கும் பேலர். மறுபக்கம் சம்பா நடவுக்காகச் சேறு கலக்கிக்கொண்டிருக்கும் ரோட்டவேட்டர். பல ஊர்களில் இந்த இரண்டுக்கும் ஓடுவது ஒரே டிராக்டர்தான். காலையில் ஒன்று, மதியம் இன்னொன்று. வாடகைக்கு ஓட்டுபவர் என்றால் கேட்கவே வேண்டாம், சீசனில் ஒருநாளைக்கு இரண்டு மூன்று முறைகூட கருவியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

அப்படி மாட்டும்போது டிரைவர்கள் அதிகம் அலுத்துக்கொள்ளும் இடம் எது தெரியுமா? கலப்பையோ, கியர் பாக்ஸோ இல்லை. டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில், குனிந்தும் படுத்தும் மாட்ட வேண்டிய அந்த பி.டி.ஓ ஷாஃப்ட்தான்!

லாரிக்கு அடியில் நீளமாகச் சுழலும் ஷாஃப்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். டிராக்டரின் பின்பக்கம் நடுவில் பல் வெட்டிய சிறிய இரும்புத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் சக்தியை வெளியே எடுத்துக் கொடுப்பது அதுதான். அங்கிருந்து ரோட்டவேட்டர், பேலர், குழி தோண்டும் இயந்திரம், மருந்து தெளிப்பான் எதுவானாலும், சக்தியைக் கொண்டு போய்ச் சேர்ப்பது இந்த ஷாஃப்ட். 1918-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் விற்பனைக்கு வந்த டிராக்டர் ஒன்றில் இந்த வசதியைக் கொடுத்தது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் அதை மாட்டும் விதம் பெரிதாக மாறவில்லை. இன்றைக்கும் ஒரு மனிதன் பத்துப் பதினைந்து கிலோ இரும்பை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் பின்னை அழுத்திக்கொண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பல்லோடு பல்லைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சரி, இதை ஏன் வீட்டில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது.

மூன்று நொடியில் ஒரு சேலை

ரோட்டவேட்டர் போன்ற கருவிகளுக்கு பி.டி.ஓ சுழலும் வேகம், நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு 9 சுற்று. ஷாஃப்ட்டின் குழாய் சுமார் 7 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 22 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டும். நொடிக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர். ஐந்தரை மீட்டர் சேலையை முழுதாக இழுத்துக்கொள்ள அதற்கு மூன்று நொடிகூடத் தேவையில்லை. தோளில் கிடக்கும் துண்டு, மடித்துக் கட்டாத லுங்கி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல்... எல்லாமே அதற்கு ஒன்றுதான். 'ஐயோ' என்று கத்தி, அது டிரைவர் காதில் விழுந்து, அவர் கிளட்ச்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்காகத்தான் ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று வருகிறது. கார்டு என்பார்கள். உள்ளே ஷாஃப்ட் சுழலும். மேலே உறை சும்மா நிற்கும். இரண்டு முனைகளிலும் சிறிய சங்கிலி இருக்கும். அதை டிராக்டரிலும் கருவியிலும் அசையாத இடத்தில் மாட்டிவிட்டால், உறை கூடவே சுழலாது.

அந்த உறை இல்லாமல் ஓடும் ஷாஃப்ட்டுகளைக் கிராமத்துச் சாலைகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். அலட்சியம், கவனக்குறைவு என்று டிரைவர் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உறை இருந்தால் பின்னை அழுத்தக் கை நுழையாது. கிரீஸ் அடிக்க நிப்பிள் அகப்படாது. சேற்றில் நின்றுகொண்டு அவசரமாக மாட்டும் ஆளுக்கு அது ஒரு தொல்லை. ஒருநாள் கழற்றி ஓரமாக வைப்பார். பிறகு அது ஓரத்திலேயே கிடக்கும். ஆக, ஷாஃப்ட்டைச் சுலபமாக மாட்ட முடிந்தால்தான் உறையும் அதன் இடத்தில் இருக்கும். மாட்டும் சுலபமும் உயிர்ப் பாதுகாப்பும் வேறு வேறு விஷயங்கள் இல்லை.

பல் சேரவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள்!

540 வேக பி.டி.ஓ தண்டில் ஆறு பற்கள் இருக்கும். தண்டின் விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர். ஆறு பல் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே 60 டிகிரி. எப்படி மோசமாக நின்றாலும், ஏதாவது ஒரு பக்கம் 30 டிகிரி திருப்பினால் பல் சேர்ந்துவிட வேண்டும். கணக்கு இவ்வளவுதான். பிறகு ஏன் சேர மாட்டேன் என்கிறது?

பெரும்பாலும் மூன்றே காரணங்கள். காய்ந்த சேறு, துரு, தண்டின் நுனியில் அடிபட்டு எழும்பிய பிசிறு. கருவியைப் பின்னால் எடுக்கும்போது தண்டில் இடித்திருக்கும். அல்லது போன வாரம் யாரோ சுத்தியலால் தட்டியிருப்பார்கள். அந்தத் தட்டில் எழும்பிய பிசிறுதான் இந்த வாரம் வழியை மறைக்கிறது. மறுபடி தட்டினால் இன்னும் கொஞ்சம் எழும்பும்! அதோடு, யோக் எனப்படும் கவை போன்ற முனையில் விழும் ஒவ்வோர் அடியும், அதற்குள் இருக்கும் கிராஸ் பேரிங்கில்தான் போய் இறங்குகிறது.

சின்ன அரம் ஒன்று, கம்பி பிரஷ் ஒன்று, பழைய துணி, கொஞ்சம் கிரீஸ். டூல் பாக்ஸில் இந்த நான்கும் இருந்தால் போதும். பிசிறை அரத்தால் தேய்த்து, பல் இடுக்குகளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மெல்லியதாகக் கிரீஸ் பூசிவிட்டால், ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அப்பிவைக்க வேண்டாம், மண்தான் ஒட்டும். டிராக்டர் தண்டைக் கையால் திருப்ப முடியவில்லை என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு பி.டி.ஓ லீவரை நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். சில மாடல்களில் பிரேக் இருப்பதால் அப்போதும் திரும்பாது. அந்த மாதிரி வண்டியில் ஷாஃப்ட்டைத்தான் திருப்ப வேண்டும். சில டிரைவர்கள் பல் சேரும் நிலையில் தண்டிலும் யோக்கிலும் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் மாட்டும்போது அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல் சேருவதற்காக ஒருவர் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸீட்டில் உட்கார்ந்து 'லேசாக' ஸ்டார்ட்டரைத் தட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்! இன்ஜின் அணைந்து, சாவி உங்கள் சட்டைப் பையில் இருந்தால்தான் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் போக வேண்டும்.

'டக்' என்று கேட்டதா?

உள்ளே போனால் மட்டும் போதாது, பூட்ட வேண்டும். தண்டின் நுனிக்குச் சற்று உள்ளே சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். யோக்கில் உள்ள பின்னோ, பந்துகளோ அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தத்தை மட்டும் நம்பாமல், யோக்கை இரண்டு கைகளாலும் பிடித்துப் பின்னால் ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது. பின்னும் முழுதாக வெளியே எழும்பியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் பூட்டவில்லை என்று அர்த்தம்.

பழைய பாணி ஷாஃப்ட்டுகளில் இருப்பது அழுத்தும் பின். கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் சேறு புகுந்துவிட்டால் கல் மாதிரி இறுகிவிடும். வாரம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீரும் பிரச்னை இது. இதற்கு மாற்றாக வந்திருப்பது காலர் பூட்டு. யோக்கைச் சுற்றியுள்ள வளையத்தை இழுத்துவிட்டுத் தள்ளினால், உள்ளே இருக்கும் குண்டுகள் பள்ளத்தில் விழுந்து தானாகப் பூட்டிக்கொள்ளும். முழு உள்ளங்கையால் பிடிக்கலாம். பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவித் தேட வேண்டாம். புதிதாக ஷாஃப்ட் வாங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

மாட்டும் வரிசையும் முக்கியம். பலர் ஷாஃப்ட்டில் ஆரம்பித்து, கருவியை இழுத்துப் பிடித்துத் தவிப்பார்கள். சமதளத்தில், கருவியைக் கட்டைகள்மீது நேராக நிறுத்திவிட்டு, முதலில் இடது கீழ் லிங்க், அடுத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற வலது லிங்க், பிறகு டாப் லிங்க், கடைசியாக ஷாஃப்ட். கருவி அசையாமல் நிற்பதால் பல் சேருவது பாதி சுலபமாகிவிடும். டிராக்டரும் கருவியும் மிக நெருக்கமாக இருந்து கை நுழையவில்லை என்றால் மட்டும், டாப் லிங்க்குக்கு முன்பே ஷாஃப்ட்டை மாட்டிக்கொள்ளலாம்.

எந்த முனை எந்தப் பக்கம் என்ற குழப்பமும் வருவதுண்டு. பெரும்பாலான உறைகளில் டிராக்டர் படம் போட்ட முனை ஒன்று இருக்கும். அது டிராக்டர் பக்கம். ஷியர் போல்ட்டோ, ஸ்லிப் கிளட்ச்சோ இருக்கும் முனை கருவிப் பக்கம்தான் வர வேண்டும்.

நீளம்தான் நிஜமான வில்லன்

ஷாஃப்ட் ஒரே துண்டு இல்லை. ஒரு குழாய்க்குள் இன்னொன்று போய்வரும் இரண்டு துண்டுகள். கருவியைத் தூக்கி இறக்கும்போது டிராக்டருக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறும். அதற்கேற்ப ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும்.

நீளம் அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? சுருங்கும்போது உள் குழாய் கடைசி வரை போய் முட்டும். முட்டியபின் அந்த அழுத்தம் எங்கே போகும்? ஒரு பக்கம் டிராக்டரின் பி.டி.ஓ பேரிங், மறுபக்கம் ரோட்டவேட்டரின் கியர் பாக்ஸ். ஆயில் சீல் ஒழுக ஆரம்பிக்கும், பேரிங் கத்தும், ஒருநாள் கியர் பாக்ஸ் கேசிங்கே வெடித்து நிற்கும். நீளம் குறைவாக இருந்தால் இன்னும் ஆபத்து. நீளும்போது இரண்டு துண்டும் கழன்று, சுழலும் வேகத்தில் ஒரு பாதி சாட்டை மாதிரி அடிக்கும்.

புது ரோட்டவேட்டரோடு வரும் ஷாஃப்ட் எல்லா டிராக்டருக்கும் பொருந்தட்டும் என்று பெரும்பாலும் கொஞ்சம் நீளமாகவே வரும். உங்கள் வண்டிக்கு ஏற்ப அதை வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். கையேடு பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் இருக்கும்!

அளவு பார்ப்பது கஷ்டம் இல்லை. ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியைக் கருவியிலும் மாட்டுங்கள். இரண்டு தண்டுகளுக்கும் இடையே தூரம் மிகக் குறைவாக இருக்கும் நிலைக்குக் கருவியைக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் ஷாஃப்ட் தரைக்கு இணையாக, நேராக நிற்கும் நிலை அது. ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல், கருவிக்குக் கீழே கட்டை கொடுத்து நிறுத்திய பிறகே பக்கத்தில் போங்கள். இப்போது இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே முட்டும் என்பது கண்ணுக்கே தெரியும். முட்டும் இடத்திலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் இடைவெளி கிடைக்கும்படி குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது உள் குழாயில் எவ்வளவோ, வெளிக் குழாயிலும் அவ்வளவே. பிளாஸ்டிக் உறையின் இரண்டு துண்டுகளிலும் அதே அளவு. உள் குழாயை மட்டும் வெட்டிவிட்டு விடுவதுதான் வழக்கமாக நடப்பது. அப்படிச் செய்தால் நீளும்போது பிடிமானம் வீணாகக் குறைந்துவிடும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, இரும்புத்தூளைத் துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். பிறகு கருவியை மேலே தூக்கியும், முழுக்க இறக்கியும், தூரம் அதிகமாகும் நிலையைப் பாருங்கள். அந்த நிலையிலும் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் வண்டிக்கான ஷாஃப்ட் இல்லை. வேறு நீளம் வாங்குவதுதான் ஒரே வழி. நடுவில் வெல்டிங் வைத்து நீட்டுவது வழி இல்லை.

இங்கேதான் வாடகை வண்டிக்காரர்களுக்கு ஒரு சிக்கல். கீழ் லிங்க்கின் நுனிக்கும் பி.டி.ஓ தண்டுக்கும் உள்ள தூரம் எல்லா டிராக்டரிலும் ஒன்றில்லை. அண்ணன் வண்டிக்கு வெட்டிய ஷாஃப்ட் தம்பி வண்டிக்கு நீளமாகப் போகலாம். பக்கத்து வயலில் இரவல் வாங்கிய ரோட்டவேட்டர் என்றால், மாட்டிய உடனே மெதுவாகத் தூக்கி இறக்கி, முட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. இந்தச் சோதனையின்போது பி.டி.ஓ சுழலக் கூடாது; பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது.

கவை இரண்டும் ஒரே திசையைப் பார்க்கிறதா?

வண்டி புதிது, கிரீஸ் அடித்தாயிற்று, ஆனாலும் ஓடும்போது 'கடகட'வென்று அதிர்கிறதா? ஷாஃப்ட்டைப் பிரித்து மறுபடி சேர்த்தபோது ஒரு தப்பு நடந்திருக்கலாம்.

கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்ந்த நிலையில் சுழலும்போது, உள்ளே ஒரே சீராகத் திருப்பினாலும் வெளியே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமாகி, இரண்டு முறை மெதுவாகும். 17-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி ஆராய்ந்த விஷயம் இது. அதனால்தான் இதற்கு 'ஹூக் ஜாயின்ட்' என்றும் பெயர். ஒரு ஜாயின்ட் செய்யும் கோணலை, அடுத்த ஜாயின்ட் எதிர்ப்பக்கம் செய்து சரிக்கட்டிவிடும். அப்படிச் சரிக்கட்ட, குழாயின் இரண்டு முனைகளிலும் இருக்கும் கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். ஒன்று படுக்கையாகவும் மற்றொன்று நட்டமாகவும் நின்றால், கோணல் இரண்டாகப் பெருகும். சதுரக் குழாய் என்றால் அதை நான்கு விதமாகச் சொருகலாம். அதில் இரண்டு சரி, இரண்டு தப்பு. எலுமிச்சை வடிவத்தில் வரும் குழாய்களில் தப்பாகச் சொருகவே முடியாது. சதுரக் குழாய் வைத்திருப்பவர்கள் பிரிப்பதற்கு முன் இரண்டு துண்டிலும் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும்.

வரப்பு ஓரத்தில் திரும்பும்போது ரோட்டவேட்டரைச் சுழலவிட்டபடியே உச்சிக்குத் தூக்குவதும் கிராஸின் ஆயுளைக் குறைக்கும். கத்தி தரையைவிட்டு எழும்பும் அளவு போதும். ஹைட்ராலிக் லீவர் அதற்கு மேல் போகாதபடி தடுப்பைத் திருகி வைத்துக்கொள்ளலாம். உயரத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் பி.டி.ஓவை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

ஷியர் போல்ட் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லிலோ வேரிலோ கத்தி மாட்டினால், தான் உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்த போல்ட் அது. அடிக்கடி உடைகிறதே என்று அதைவிட உறுதியான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை உடைவது வேறு ஏதாவதாக இருக்கும். அதே அளவு, அதே தரத்தில் நான்கைந்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.

குனியாமல் மாட்ட முடியாதா?

முடியும். 'குவிக் ஹிட்ச்' என்ற சட்டத்தை டிராக்டரின் மூன்று லிங்க்கிலும் நிரந்தரமாக மாட்டிவிட்டால், பின்னால் வந்து தூக்கினாலே கருவி கொக்கியில் உட்கார்ந்துகொள்ளும். ஷாஃப்ட்டுக்கும் இரண்டு துண்டு கப்ளிங் கிடைக்கிறது. ஒரு துண்டு டிராக்டர் தண்டிலேயே இருக்கும், மறு துண்டு ஷாஃப்ட்டின் முனையில். நுனி கூம்பாக இருப்பதால் பல் தேடும் வேலை இல்லை. நம் ஊரில் இவை இன்னும் பரவலாகவில்லை. வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குவிக் ஹிட்ச் போட்டால் கருவி சில அங்குலம் பின்னால் தள்ளிப்போகும். கப்ளிங் போட்டால் அதற்கு நேர்மாறாக ஷாஃப்ட் சில அங்குலம் நீளும். எது போட்டாலும் மேலே சொன்ன நீள சோதனையை முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

உறைகளிலும் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முனையில் உள்ள கூம்பைப் பின்னால் தள்ளிவிட்டுப் பூட்டைத் தொடும் வகை, கிரீஸ் நிப்பிளுக்கு நேராகச் சின்ன ஜன்னல் வைத்த வகை எல்லாம் இருக்கின்றன. பழைய கிராஸ்களுக்கு 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்வார்கள். 50 மணி நேரம் தாங்கும் கிராஸ்களும் இப்போது உண்டு. மானியத்திலோ சொந்தப் பணத்திலோ ரோட்டவேட்டர் வாங்கும்போது, டீலரிடம் ஷாஃப்ட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உறையும் சங்கிலியும் இருக்கிறதா, உறையோடு சேர்த்து உங்கள் கை பூட்டுக்குள் நுழைகிறதா என்று அங்கேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். கத்தி எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் நாம், இதைக் கேட்பதில்லை.

உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்கு எடுப்பவர்களும், தனியார் வண்டியை அழைப்பவர்களும் கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் வயலில், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கும் இடத்தில் அந்த வண்டி ஓடப்போகிறது. "அண்ணே, கார்டு எங்கே?" என்று கேட்பதில் தவறே இல்லை. பேலர் ஓடும்போது சிதறும் வைக்கோலை அள்ள அருகில் போகும் பெண்களிடமும் சொல்லிவையுங்கள். பி.டி.ஓவை நிறுத்திய பிறகும் பேலரின் கனமான சக்கரம் சிறிது நேரம் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அது முழுதாக நின்ற பிறகு கிட்டே போனால் போதும், வைக்கோல் எங்கும் ஓடிவிடாது.

வேலை முடிந்து கழற்றியதும் ஷாஃப்ட்டைச் சேற்றில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கருவியிலேயே ஒரு கொக்கி வைத்து அதில் தாங்கலாக மாட்டுங்கள். உறையின் சங்கிலியில் தொங்கவிட்டால் அது அறுந்துவிடும். டிராக்டர் தண்டுக்கு ஒரு கறுப்பு மூடி வந்திருக்குமே, அதைத் தேடியெடுத்துப் போட்டுவிடுங்கள். மூடி தொலைந்துவிட்டதா? புதிது வாங்கும்வரை, தடிமனான பாலித்தீன் கவர் ஒன்றைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் காலையில் பல் சுத்தமாக இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கவரை உருவ மட்டும் மறந்துவிடாதீர்கள்.